டிராக்டர், லாரி, எக்ஸ்கவேட்டர்: சிமுலேஷன் விளையாட்டில் எந்த வாகனத்துக்கு எந்த ஜாய்ஸ்டிக்?

ஜித்ரா வட்டாரத்தில் கனரக இயந்திரங்களைப் பார்க்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. 1970இல் அமைக்கப்பட்ட முடா வேளாண்மை மேம்பாட்டு வாரியமான மாடாவின் நான்கு வட்டாரங்களில் இரண்டாவது வட்டாரம் ஜித்ரா. அறுவடைக் காலத்தில் வயலெங்கும் நெல் அறுவடை இயந்திரங்கள் நிற்கும். புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையை நோக்கி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் ஓடும். கெடாவின் செம்பனைத் தோட்டங்களில் டிராக்டர்கள் குலை ஏற்றும். வீட்டு மனை, சாலை, வடிகால் என்று எந்த வேலை நடந்தாலும் அங்கே ஓர் எக்ஸ்கவேட்டர் இருக்கும்.

இதே இயந்திரங்கள் இன்று பிள்ளைகளின் கணினித் திரையிலும் ஓடுகின்றன. சுவிட்சர்லாந்தின் ஜயண்ட்ஸ் நிறுவனம் 2008இல் தொடங்கிய ஃபார்மிங் சிமுலேட்டர் வரிசையில், 2024 நவம்பரில் வெளிவந்த பதிப்பில்தான் நெல் ஒரு பயிராகச் சேர்க்கப்பட்டது. நாற்று நடும் இயந்திரமும் நீர் நிற்கும் வயலும் அதில் உண்டு. ஆசியச் சூழலில் அமைந்த அதன் நிலப்பகுதிக்கு 'ஹுத்தான் பந்தாய்' என்று பெயர். கடற்கரைக் காடு என்று பொருள்படும் இந்த மலாய்ப் பெயரை நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. லாரி ஓட்ட விரும்புபவர்களுக்குச் செக் நாட்டின் எஸ்சிஎஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2 இருக்கிறது.

விசைப்பலகையில் விளையாடிச் சலித்த இளைஞர்கள் அடுத்து ஜாய்ஸ்டிக், த்ராட்டில் வாங்க நினைக்கிறார்கள். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை விமான விளையாட்டுக்காகச் செய்யப்பட்டவை. அவை தரை வாகனத்துக்குப் பொருந்துமா? சிலவற்றுக்கு மிக நன்றாகப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது. எது எதற்கு என்பதை அறிந்து வாங்கினால் பணம் மிச்சமாகும். பின்னாளில் உண்மையான இயந்திரத்தில் ஏற நினைக்கும் பிள்ளையின் கையும் சரியாகப் பழகும்.

மிதிக்கும் நெம்புகோலுக்கும் உள்ள வேறுபாடு

கார், லாரி, பேருந்து ஆகியவற்றின் ஆக்சிலரேட்டர் மிதிக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கிறது. காலை எடுத்தால் மிதி தானாக மேலே வரும், இன்ஜின் அடங்கும். ஓட்டுநர் திடுக்கிட்டுக் காலை எடுத்தாலும் வண்டி மேலும் வேகம் பிடிக்காது. அதே கால்தான் பிரேக்குக்கும் நகர்கிறது. ஒரே கால் இரண்டு மிதியையும் பார்ப்பதால், வேகமூட்டுவதும் நிறுத்துவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை.

த்ராட்டில் நெம்புகோலில் இந்தத் திரும்பும் ஸ்பிரிங் கிடையாது. வைத்த இடத்தில் அது நிற்கும். மணிக்கணக்கில் ஒரே விசையில் பறக்கும் விமானத்துக்கு அதுதான் வசதி. தரை வாகனத்துக்கும் இது புதிதல்ல. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஆக்சிலரேட்டர் மிதியே இல்லை. ஸ்டியரிங் தண்டில் இருந்த கை நெம்புகோலால்தான் எண்ணெய் கூட்டிக் குறைத்தார்கள். கீழே இருந்த மூன்று மிதிகள் கியருக்கும் பின்னோட்டத்துக்கும் பிரேக்குக்கும் உரியவை. சாலையில் நெரிசலும் வேகமும் கூடியபின் கார்கள் மிதிக்கு மாறின. வயலில் வேலை செய்யும் டிராக்டர் மட்டும் கை நெம்புகோலை விடவில்லை. பல டிராக்டர்களில் கை த்ராட்டில், கால் மிதி இரண்டும் இன்றும் உண்டு.

கை எடுத்ததும் அடங்க வேண்டிய வாகனத்துக்கு மிதி வேண்டும். ஒரே நிலையில் நின்று வேலை செய்ய வேண்டிய இயந்திரத்துக்கு நெம்புகோல் வேண்டும். ஒரு கருவியை வாங்குவதற்கு முன்பு கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

த்ராட்டில் வேறு, வேகம் வேறு

காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி வேகமாகப் போகும். அதனால் த்ராட்டிலும் வேகமும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். பண்ணை இயந்திரத்தில் அப்படி இல்லை. அங்கே இன்ஜின் சுழற்சி, வண்டி நகரும் வேகம், கருவி சுழலும் வேகம் என்று மூன்று விஷயங்கள் உண்டு.

டிராக்டரின் பின்புறம் இருக்கும் பிடிஓ தண்டை எடுத்துக்கொள்ளலாம். புல் வெட்டும் கருவி, மண் கிளறும் ரோட்டவேட்டர், மருந்து தெளிக்கும் பம்பு ஆகியவை இந்தத் தண்டிலிருந்துதான் சக்தி பெறுகின்றன. அதன் வழக்கமான சுழற்சி நிமிடத்துக்கு 540 அல்லது 1,000. அந்த எண்ணிக்கை கிடைக்கும் இன்ஜின் வேகத்தில் கை த்ராட்டிலை நிறுத்திவிட்டு, எந்த வேகத்தில் நகர்வது என்பதை ஓட்டுநர் கியரால் முடிவு செய்கிறார். மேடு பள்ளத்தில் கால் ஆடினால் மிதியும் ஆடும், கருவியின் சுழற்சியும் ஏறி இறங்கும். அங்கே கை நெம்புகோல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நெல் அறுவடை இயந்திரத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கதிரடிக்கும் உருளை சீராகச் சுழன்றால்தான் மணி சரியாகப் பிரியும். அதனால் வேலை தொடங்கியதும் இன்ஜினை அதற்குரிய வேகத்தில் நிறுத்திவிடுவார்கள். நகரும் வேகத்துக்கு ஹைட்ரோஸ்டாட்டிக் நெம்புகோல் தனியே இருக்கும். முன்னே தள்ளத் தள்ள வேகம் கூடும், நடுவில் நின்றால் வண்டி நிற்கும், பின்னே இழுத்தால் பின்னோக்கிப் போகும். கதிர் அடர்ந்த இடத்தில் ஓட்டுநர் இன்ஜினைக் குறைப்பதில்லை. இந்த நெம்புகோலைச் சற்றே பின்னிழுத்து, இயந்திரம் விழுங்கும் அளவைக் குறைக்கிறார். இன்ஜினைக் குறைத்தால் உருளை தளர்ந்து வைக்கோல் அடைத்துக்கொள்ளும்.

மண் தள்ளும் புல்டோசரில் இது தலைகீழாகவே இருக்கிறது. பல புல்டோசர்களில் இன்ஜின் உயர் வேகத்தில் நிறுத்தப்பட்டிருக்கும். வலது காலின் கீழ் இருப்பது வேகத்தைக் குறைக்கும் மிதி. அழுத்தினால் இன்ஜின் அடங்கும், விட்டால் மீண்டும் எழும். கார் ஓட்டிப் பழகிய கால் அங்கே எதிர்மாறாகச் செயல்பட வேண்டியிருக்கும்.

ஆகவே விளையாட்டில் த்ராட்டில் நெம்புகோலை எதனுடன் இணைப்பது என்பது வாகனத்தைப் பொறுத்தது. அறுவடை இயந்திரத்துக்கு அதை நகரும் வேகத்துடன் இணைப்பதே உண்மைக்கு நெருக்கம். நடுப்புள்ளியில் நிற்கும் வேகம், அதற்கு முன்னே முன்னோட்டம், பின்னே பின்னோட்டம் என்று அமைத்துவிட்டால், கை செய்யும் வேலை வயலில் செய்யும் வேலையாகவே இருக்கும்.

ஜாய்ஸ்டிக்கால் ஓடிய வாகனம்

ஜாய்ஸ்டிக்கை மட்டும் வைத்து ஒரு தரை வாகனத்தை ஓட்ட முடியுமா? முடியும் என்பதற்கு நிலவே சாட்சி. 1971இல் அப்போலோ 15 பயணத்திலும், 1972இல் அப்போலோ 16, 17 பயணங்களிலும் விண்வெளி வீரர்கள் ஓட்டிய நிலவு ஊர்தியில் ஸ்டியரிங் வட்டமோ மிதியோ கிடையாது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஆங்கில 'டி' எழுத்து வடிவில் ஒரு கைப்பிடி இருந்தது. முன்னே தள்ளினால் மின்மோட்டார்கள் இயங்கும், பக்கவாட்டில் சாய்த்தால் வண்டி திரும்பும், பின்னே இழுத்தால் பிரேக் பிடிக்கும். பின்னோக்கிப் போகத் தனிச் சுவிட்சைத் தட்ட வேண்டும். தடித்த விண்வெளி உடையில் மிதி மிதிப்பதும் வட்டம் சுழற்றுவதும் கடினம். அதனால் எல்லா வேலையும் ஒரு கைக்கு வந்தது. மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைக்கப்பட்ட அந்த ஊர்திக்கு அது போதுமானதாக இருந்தது.

காரிலும் இதை முயன்று பார்த்தார்கள். 1996இல் மெர்சிடிஸ் காட்சிக்கு வைத்த எஃப் 200 மாதிரிக் காரில் ஸ்டியரிங்குக்குப் பதில் பக்கக் கைப்பிடிகள் இருந்தன. அந்த முறை விற்பனைக் கார்களுக்கு வரவில்லை.

ஜாய்ஸ்டிக்கில் நெடுஞ்சாலை லாரி ஓட்டுவது ஏன் கடினம் என்பதைக் கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். நல்ல விளையாட்டு ஸ்டியரிங் ஒன்று ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 900 பாகை சுழலும். ஒரு ஜாய்ஸ்டிக் இரு பக்கமும் 20 பாகை வீதம் சாய்வதாக வைத்துக்கொண்டால், மொத்த அசைவே 40 பாகைதான். ஜாய்ஸ்டிக்கின் 1 பாகைக்கு ஸ்டியரிங்கின் 22.5 பாகை ஈடாகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது விரல் சற்றே நடுங்கினாலும் லாரி தடம் மாறிவிடும். அதே கணக்கு மெதுவாக நகரும் அறுவடை இயந்திரத்தில் பெரிய தொல்லை தராது. வேகம் குறையக் குறைய ஜாய்ஸ்டிக் பொருந்தும், வேகம் கூடக் கூட ஸ்டியரிங்கே பொருந்தும்.

வாகனம் வாரியாக

லாரி, பேருந்து, கார்: ஸ்டியரிங் வட்டமும் மிதிகளுமே முதல் தேர்வு. த்ராட்டில் நெம்புகோலை ஆக்சிலரேட்டராக வைப்பது நல்லதல்ல. கையை எடுத்தாலும் லாரி ஓடிக்கொண்டே இருக்கும். வேகத்தைக் குறைக்காமலேயே பிரேக்கை அழுத்தும் பழக்கமும் வந்துவிடும். ஜாய்ஸ்டிக் மட்டுமே கையில் இருந்தால், முன்னே தள்ளினால் வேகம், பின்னே இழுத்தால் பிரேக் என்று ஒரே அச்சில் வைத்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும் என்பதால் இதுவே பாதுகாப்பான ஏற்பாடு. கைப்பிடியைத் திருகும் வசதி உள்ள ஜாய்ஸ்டிக் என்றாலும், பக்கவாட்டில் சாய்ப்பதையே ஸ்டியரிங்காக வைப்பது கைக்கு எளிது.

மலேசியாவில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். கியர் நெம்புகோல் அவருடைய இடக்கையில் இருக்கும். விளையாட்டுக்கான கியர் கருவியை மேசையின் இடப்பக்கம் பொருத்திப் பழகினால், பின்னர் உரிமம் எடுக்கும்போது கை தடுமாறாது.

டிராக்டர்: ஸ்டியரிங்குடன் வலப்புறம் ஒரு சிறிய ஜாய்ஸ்டிக்கும் பொத்தான் பலகையும் சேர்ந்தால் முழுமை. உண்மை டிராக்டரிலும் பின்புறக் கருவியை ஏற்றி இறக்கும் நெம்புகோல்கள் பெரும்பாலும் ஓட்டுநரின் வலக்கைப் பக்கம் இருக்கின்றன. இதற்கென்றே செய்யப்பட்ட பக்கப் பலகைகளும் உண்டு. சாய்டெக் நிறுவனம் அறிமுகப்படுத்திய இவ்வகைப் பண்ணைக் கருவிகள், அந்தப் பெயரை 2016இல் லாஜிடெக் வாங்கிய பின் அதன் வரிசையில் சேர்ந்தன. பிடிஓ கருவியோடு வேலை செய்யும்போது மட்டும் ஒரு த்ராட்டில் நெம்புகோல் இருந்தால் வசதி.

நெல் அறுவடை இயந்திரம்: வலக்கையில் த்ராட்டில் நெம்புகோலை நகரும் வேகத்துக்கு வைக்க வேண்டும். அதில் உள்ள பொத்தான்களில் இரண்டை வெட்டும் பகுதியை ஏற்றி இறக்கவும், ஒன்றை மணி கொட்டும் குழாயைத் திறக்கவும் ஒதுக்கலாம். இடக்கை ஸ்டியரிங்கில் இருக்கட்டும்.

தோட்டத்து கிராபர்: செம்பனைத் தோட்டத்தில் குலையைக் கவ்வித் தூக்கும் கிராபர் பொருத்திய மினி டிராக்டர்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். சுழற்ற, உயர்த்த, நீட்ட, கவ்வ என்று அதில் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு நெம்புகோல் இருக்கும். ஃபார்மிங் சிமுலேட்டரின் மூல விளையாட்டில் செம்பனை கிடையாது. ஆனால் மரக்கட்டைகளைக் கவ்வி ஏற்றும் கிரேன் வண்டி இருக்கிறது. கை, கண் ஒருங்கிணைப்பு இரண்டிலும் ஒன்றுதான். இரண்டு ஜாய்ஸ்டிக் வைத்துப் பழக இது நல்ல களம்.

புல்டோசர், பீரங்கி வண்டி: சங்கிலித் தடத்தில் ஓடும் வாகனத்துக்கு முன்சக்கரத்தைத் திருப்பும் வேலை இல்லை. இடத்தடமும் வலத்தடமும் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால்தான் அது திரும்புகிறது. இடது நெம்புகோல் இடத்தடத்துக்கு, வலது நெம்புகோல் வலத்தடத்துக்கு என்று வைக்க விளையாட்டு இடம் கொடுத்தால், இரட்டைக் கைப்பிடி கொண்ட த்ராட்டில் இதற்குக் கச்சிதம்.

எக்ஸ்கவேட்டரில் கவனிக்க வேண்டியது

ஜாய்ஸ்டிக் தன் சொந்த வீட்டில் இருப்பது எக்ஸ்கவேட்டரில்தான். உண்மை இயந்திரத்திலேயே இரு கைகளிலும் ஜாய்ஸ்டிக்தான். எனவே இங்கே விளையாட்டுக்கும் வேலைக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனாலேயே தவறாகப் பழகினால் வரும் ஆபத்தும் அதிகம்.

உலகில் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. முதலாவது ஐஎஸ்ஓ முறை. இதில் இடக்கை ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமும் சாய்த்தால் இயந்திரத்தின் மேற்பகுதி அந்தந்தப் பக்கம் சுழலும். அதையே முன்னே தள்ளினால் நடுக்கை வெளியே நீளும், பின்னே இழுத்தால் உள்ளே வரும். வலக்கை ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளினால் பெரிய கை கீழே இறங்கும், பின்னே இழுத்தால் மேலே எழும். இடப்பக்கம் சாய்த்தால் வாளி உள்ளே மடங்கி மண்ணை அள்ளும், வலப்பக்கம் சாய்த்தால் கொட்டும்.

இரண்டாவது எஸ்ஏஇ முறை. சுழற்சியும் வாளியும் அதே இடத்தில்தான் இருக்கும். பெரிய கையும் நடுக்கையும் மட்டும் இடம் மாறிவிடும். இடக்கையை முன் பின் அசைத்தால் பெரிய கை இறங்கி ஏறும், வலக்கையை அசைத்தால் நடுக்கை நீண்டு மடங்கும்.

பாதி ஒன்றாகவும் பாதி வேறாகவும் இருப்பதுதான் இதில் உள்ள சிக்கல். முற்றிலும் வேறாக இருந்தால் கை எச்சரிக்கையாக இருக்கும். ஒரு முறையில் ஊறிய கை மற்ற முறை உள்ள இயந்திரத்தில் ஏறினால், சுழற்றும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். நடுக்கையை உள்ளே இழுக்க நினைத்து இடக்கையைப் பின்னே இழுக்கும் அந்த நொடியில் பெரிய கை மேலே எழும். மேலே மின்கம்பி இருந்தாலோ பக்கத்தில் ஆள் நின்றாலோ என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் விளையாட்டைத் தொடங்கும் முன்பே எந்த முறையில் பழகுவது என்று முடிவு செய்து, அதையே தொடர்வது நல்லது. உறவினரோ தெரிந்தவரோ எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவராக இருந்தால், அவர் இயந்திரத்தில் எந்த முறை என்று கேட்டு அதன்படி அமைக்கலாம். பல இயந்திரங்களில் ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதியும் உண்டு. ஆகவே நேற்று ஓட்டிய இயந்திரமே என்றாலும், ஓட்டுநர் அறையில் ஒட்டப்பட்ட வரைபடத்தைப் பார்த்து, வெட்டவெளியில் மெதுவாக ஒவ்வோர் அசைவையும் சோதித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

எக்ஸ்கவேட்டரில் இன்ஜின் வேகம் மிதியில் இல்லை. பெரும்பாலும் ஒரு திருகு பொத்தானால் அதை வைத்துவிடுவார்கள். கால் பக்கம் இருக்கும் இரண்டு மிதி நெம்புகோல்கள் இரு தடங்களுக்கும் உரியவை. விளையாட்டில் விமானத்துக்கான கால்மிதிகள் இருந்தால் அவற்றை இதற்குப் பயன்படுத்தலாம்.

அமைப்பில் செய்ய வேண்டியவை

நல்ல கருவி வாங்கியும் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கிறது, பிரேக் விட்டுவிட்டுப் பிடிக்கிறது என்று பலர் அலுத்துக்கொள்வதுண்டு. பெரும்பாலும் கோளாறு அமைப்பில்தான் இருக்கும்.

டெட் ஸோன் எனப்படும் செயலற்ற பகுதி முதலாவது. நடுப்புள்ளியைச் சுற்றிக் கை லேசாக அசைந்தாலும் விளையாட்டு கண்டுகொள்ளாத இடம் அது. ஸ்டியரிங்காகப் பயன்படும் ஜாய்ஸ்டிக்குக்கு 2 முதல் 5 விழுக்காடு வரை வைத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் வண்டி முதலில் அசையாமல் நின்று, பிறகு திடீரெனத் திரும்பும். த்ராட்டிலை முழு நீளத்துக்கும் ஆக்சிலரேட்டராகப் பயன்படுத்தினால் நடுவில் செயலற்ற பகுதி தேவையில்லை. இரு முனைகளிலும் சிறிதளவு போதும். அப்போதுதான் நெம்புகோலை முழுவதும் இழுத்ததும் இன்ஜின் உண்மையாகவே அடங்கும். அறுவடை இயந்திரத்தின் வேக நெம்புகோலுக்கு மட்டும் நடுவில் சற்று அகலமாகவே வைக்கலாம், நிற்கும் இடம் கைக்கு எளிதில் கிடைக்கும்.

இரண்டாவது, வளைகோடு. நேர்கோட்டு அமைப்பில் ஜாய்ஸ்டிக்கைப் பாதி சாய்த்தால் சக்கரம் பாதி திரும்பும். இருமடி வளைகோட்டில் பாதிச் சாய்வுக்கு 25 விழுக்காடுதான் திரும்பும், மும்மடியில் 12.5 விழுக்காடு. முனை வரை சாய்த்தால் எதிலும் முழுத் திருப்பம் கிடைக்கும். நடுவில் நுணுக்கம் கூடுவதால், ஜாய்ஸ்டிக்கில் லாரி ஓட்ட வேண்டிய நிலையில் இந்த வளைகோடுதான் காப்பாற்றும். எக்ஸ்கவேட்டருக்கு மிதமான வளைவு போதும்.

மூன்றாவது, அச்சின் திசை. சில கருவிகளில் த்ராட்டிலை முன்னே தள்ளினால் மதிப்பு குறையும். விளையாட்டைத் தொடங்கியதும் வண்டி முழு வேகத்தில் பாய்ந்தால், அச்சைத் தலைகீழாக்கும் தெரிவைத் தேட வேண்டும். பாதி நெம்புகோலில்தான் வண்டி நகரத் தொடங்குகிறது என்றால், விளையாட்டு அதை நடுப்புள்ளி உள்ள அச்சாக எடுத்துக்கொண்டது என்று பொருள்.

நான்காவது, ஒரே மாதிரியான இரண்டு ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அவற்றை அதே யுஎஸ்பி துளையில் செருகுவது நல்லது. மாற்றிச் செருகினால் இடமும் வலமும் இடம் மாறிவிடக்கூடும். விளையாட்டில் குறை இருக்கிறதா, கருவியில் குறை இருக்கிறதா என்று ஐயம் வந்தால், விண்டோஸில் உள்ள கேம் கண்ட்ரோலர் சோதனைப் பக்கத்தில் அச்சை மெதுவாக அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாங்கும் முன்

ஜாய்ஸ்டிக்கின் ஆயுளை முடிவு செய்வது அதன் உள்ளே இருக்கும் உணரி. மலிவான கருவிகளில் பெரும்பாலும் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். அதில் ஒரு முனை இன்னொன்றின் மீது உரசிக்கொண்டே நகரும். தேய்மானமும் தூசியும் சேர்ந்தால் மதிப்பு குதிக்கத் தொடங்கும். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தும் ஹால் உணரியில் உரசல் இல்லை. காந்தத்தின் நகர்வை மட்டுமே அது அளக்கிறது. பழைய கருவியைக் கைமாற்றி வாங்குபவர்கள், சோதனைப் பக்கத்தில் அச்சை முனைக்கு முனை மெதுவாக நகர்த்தி, குறியீடு எங்காவது துள்ளுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது நுணுக்கம். 8 பிட் அச்சு 256 படிகளைத்தான் அறியும், 10 பிட் 1,024 படிகளை, 14 பிட் 16,384 படிகளை. 900 பாகை ஸ்டியரிங்கை 8 பிட்டில் அளந்தால் ஒரு படிக்கு 3.5 பாகை. 10 பிட்டில் அது 0.9 பாகைக்கும் குறைவு. ஸ்டியரிங்குக்கு இது முக்கியம். வாளியை மடக்கவும் குழாயைத் திறக்கவும் இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை.

எக்ஸ்கவேட்டருக்கு இரண்டு ஜாய்ஸ்டிக் வாங்குபவர்கள், இடக்கைக்கும் பொருந்தும் வடிவமா என்று பார்க்க வேண்டும். விமான ஜாய்ஸ்டிக் பல வலக்கைக்கென்றே வார்க்கப்பட்டவை. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் போன்ற சில மட்டுமே இரு கைக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டுள்ளன. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். கணினியில் வேலை செய்யும் கருவி எல்லாம் அவற்றில் வேலை செய்யாது. பெட்டியில் அந்தக் கருவியின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கத் தேவையில்லை. எந்த வாகனத்தை அதிகம் ஓட்டுகிறோம் என்று முதலில் பார்க்கலாம். லாரி என்றால் ஸ்டியரிங், எக்ஸ்கவேட்டர் என்றால் ஜாய்ஸ்டிக், அறுவடை இயந்திரம் என்றால் த்ராட்டில் என்று ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

விளையாட்டு தருவதும் தராததும்

தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கனரக இயந்திர வேலைக்குப் போக விரும்புகிறார்கள். ஆனால் பழகிப் பார்க்க இயந்திரம் எளிதில் கிடைப்பதில்லை. டீசல் செலவு, தேய்மானம், விபத்து அச்சம் என்று உரிமையாளர் தயங்குவதில் நியாயம் உண்டு. சரியாக அமைத்த இரண்டு ஜாய்ஸ்டிக் அந்த இடைவெளியில் ஒரு பகுதியை நிரப்பும். எந்தக் கையை எந்தப் பக்கம் அசைத்தால் எது நகரும் என்று யோசிக்காமல் செய்யும் பழக்கம், இரண்டு மூன்று அசைவுகளை ஒன்றாகச் சேர்க்கும் லாவகம், இன்ஜின் வேகத்தையும் நகரும் வேகத்தையும் பிரித்துப் பார்க்கும் தெளிவு ஆகியவை வீட்டிலேயே வளரும்.

விளையாட்டு தராதவையும் உண்டு. சரிவில் இயந்திரம் சாயத் தொடங்குவதை உடம்புதான் முதலில் உணரும், திரையில் அது தெரியாது. ஈர மண்ணில் தடம் புதைவது, பாரம் ஏறிய வாளி எடையை முன்னுக்கு இழுப்பது, பின்னால் ஆள் நடமாடுவது ஆகியவற்றைக் களத்தில் அனுபவம் உள்ளவரின் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். விளையாட்டில் வண்டி கவிழ்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தி நிமிர்த்திவிடலாம். அந்தத் துணிச்சல் கையோடு களத்துக்கு வந்துவிடக் கூடாது.

விளையாட்டில் எத்தனை நூறு மணி நேரம் ஓட்டினாலும் அது உரிமம் ஆகாது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே, கனரக லாரிக்கு இ வகுப்பும், சக்கரத்தில் ஓடும் டிராக்டர், இயந்திரங்களுக்கு எடையைப் பொறுத்து எஃப், எச் வகுப்புகளும், சங்கிலித் தடத்தில் ஓடுபவற்றுக்கு ஜி, ஐ வகுப்புகளும் வைத்திருக்கிறது. சரக்கு லாரியைத் தொழிலாக ஓட்ட ஜிடிஎல் உரிமமும் வேண்டும். கட்டுமானத் தளத்தில் கால் வைக்கவே, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியின் அட்டை தேவை. இவற்றுக்கான செலவையும் நாளையும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் ஜாய்ஸ்டிக் வாங்குவதே முறை.

வேலைக்குப் போகும் எண்ணத்தோடு பழகுபவர்கள் தாங்கள் பழகிய கட்டுப்பாட்டு முறை எது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். இடக்கையை முன்னே தள்ளினால் எது அசையும், பின்னே இழுத்தால் எது அசையும் என்று நான்கு வரி போதும். உண்மை இயந்திரத்தின் முன் முதல் நாள் நிற்கும்போது, பயிற்சியாளரிடம் அதைக் காட்டி, அந்த இயந்திரமும் அதே முறையா என்று கேட்டுவிட்டு ஏறலாம். கேட்க வெட்கப்படத் தேவையில்லை. அனுபவமுள்ள ஓட்டுநர்களும் புது இயந்திரத்தில் ஏறும்போது முதலில் கேட்பது இதைத்தான்.